கடலுக்கு முதுகு காட்டி நின்றவர்

உலகத் தலைவர்கள் கைகுலுக்கும் படம் கைத்தொலைபேசியில் வந்தால் நான் அதை உடனே தள்ளிவிடுவேன். எனக்கு நெஞ்சு எரியும். நேற்றுவரை ஒருவர் சாமானுக்கு மற்றவர் வரிக்கு மேல் வரி போட்டுக்கொண்டும், மலை எல்லையில் பட்டாளத்தை நிறுத்திக்கொண்டும், ஒருவர் கப்பலுக்குப் பின்னால் மற்றவர் கப்பலை அனுப்பிக்கொண்டும் இருந்தவர்கள் இன்றைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நாளைக்கு மறுபடியும் முறைப்பார்கள். அது அவர்கள் பாடு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அந்த முறைப்புக்கும் கைகுலுக்கலுக்கும் நடுவில் எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டார். படத்தைப் பார்த்தால் அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

அவருக்கு வேலை மீன் ஏலம் கூறுவது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் பஸ் ஏறினால் கண் அசருவதற்குள் வந்துவிடும் ஊர் எங்களுடையது. கரைவலை இழுத்து முடிந்து மீனை மணலில் கொட்டியதும் முதலில் ஒரு கூடை பள்ளிவாசலுக்கென்று ஒதுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் அவர் வருவார். சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, மீன் குவியலுக்கு அந்தப் பக்கம் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார். வியாபாரிகள் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். காலை வெயில் அவர்கள் கண்ணில் அடிக்கும். அவர் முகம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது, அவர்கள் முகம் அவருக்குப் பளிச்சென்று தெரியும். இந்தத் தந்திரம் வியாபாரிகளுக்கும் தெரியும். தெரிந்தும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அவருக்குப் பின்னால் கடல்தான் இருந்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் கடலுக்கு முதுகு காட்டி நின்றதில்லை. கிழிந்த வலை பொத்துகிறவர்கள்கூடக் கடலைப் பார்த்தபடிதான் உட்காருவார்கள். அவர் மட்டும் பழையபடி நின்றார். மனைவியைக் கடலுக்குப் பறிகொடுத்த மனிதர் அப்படி நிற்பதைக் கண்டால் அவருக்காக நான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"கடல எனக்குத் தெரியும் புள்ள," என்றார். "அது வாறதெண்டா நாம பாத்துக்கொண்டு நிண்டாலும் வரும். வியாபாரியத்தான் கண்ணெடுக்காமப் பாக்கணும்."

உண்மையில் அவர் வியாபாரியின் முகத்தைப் பார்ப்பதுகூடக் கொஞ்ச நேரந்தான். பிறகு காலைப் பார்ப்பார். மீன் வேண்டுமென்று மனதுக்குள் முடிவு செய்தவனுடைய பெருவிரல் தானாக மணலைத் தோண்டத் தொடங்கிவிடுமாம். வேண்டாதவன் கால் சும்மா நிற்குமாம். நான் இதை நம்பவில்லை. ஒரு வாரம் கந்தோருக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரிதான். கண்டியிலிருந்து வருகிற வியாபாரி, 'இந்த மீன் எனக்கு எதுக்கு' என்ற முகத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே பெருவிரல் ஒரு குழியே தோண்டியிருக்கும்.

நான் பிரதேசச் செயலகக் கந்தோரில் வேலை செய்தேன். என் வாப்பா தபாலதிபராக இருந்தவர், வீட்டுக்கு ஆங்கிலப் பத்திரிகை வாங்குவார். அதனால் எனக்கு ஆங்கிலம் ஓரளவு ஓடும். ஆகவே வெளிநாட்டு ஆட்களின் வெள்ளை வாகனம் ஊருக்குள் வந்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளம் ஒன்றுதான், வாய் மட்டும் இரண்டு. இந்த வேலையில்தான் நான் அந்த மனிதரை நன்றாக அறிந்தேன். நான் அவரைக் காக்கா என்பேன், அண்ணனுக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மூன்று வியாபாரிகள் நின்றால்தான் ஏலத்தை முடிப்பார். "ஒருத்தன்ட்ட கேட்டா அது பிச்சை புள்ள. ரெண்டு பேர் நிண்டா ஒருத்தனுக்கொருத்தன் கண்ணடிச்சி முடிச்சிருவானுகள். மூண்டு பேருக்கு முன்னால வெச்சாத்தான் அது ஏலம்" என்பார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூறிவிட்டு நிறுத்துவார். விலை நியாயமாக வரும்வரை மூன்றாம் தரத்தை வாயிலிருந்து விடமாட்டார். அந்த இடைவெளியில் காகம் கரைவதும் அலை அடிப்பதும் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் கண்டி வியாபாரியும் கொழும்பு வியாபாரியும் முன்னமே பேசி வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்றாமவரான மட்டக்களப்புக்காரரின் வாகனம் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. இவர் ரெண்டு தரத்தோடு வாயை மூடினார். வெயில் ஏறியது. சூடை மீன் கண் சிவந்து நசியத் தொடங்கியது. வலை இழுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். இவர் அசையவில்லை. கடைசியில் "உப்பக் கொண்டு வாங்க" என்றார். அன்றைக்குப் பட்ட மீன் முழுவதையும் உப்பில் போட்டுக் கருவாட்டுக்கு விட்டார்கள். இரண்டு வியாபாரிகளும் வெறும் பெட்டிகளோடு திரும்பிப் போனார்கள். அடுத்த நாள் மூன்று பேரும் மூன்று திசையில் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

மீனை உப்பில் போட்ட அன்று வலை இழுத்த குடும்பங்களுக்குக் கைக்கு ஒன்றும் வரவில்லை. வலைக்குத் தலைவரான தண்டயலின் மனைவி வேலிக்குள் நின்றபடியே அவரைக் கேட்டாள்: "ஒங்கட ரோசத்த இண்டைக்கு உலையில போட ஏலுமா காக்கா?" அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனார். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர் வென்றால் ஊர் வென்றது என்று சொல்லிவிட முடியாது. சில நாள் அவர் வென்றதற்கு மற்றவர்கள் பட்டினி கிடந்தார்கள்.

ஏலம் முடிந்தால் மீன் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருப்பார். கையில் பத்திரிகை, காதுக்குப் பக்கத்தில் வானொலி. அவருக்கு உலகம் முழுவதும் ஒரு கரைவலை ஏலமாகத்தான் தெரிந்தது. இந்தியா, சீனா, அமெரிக்கா என்று சொல்லமாட்டார். கண்டிக்காரர், கொழும்புக்காரர் என்பதுபோல இந்தியாக்காரர், சீனாக்காரர், அமெரிக்காக்காரர் என்பார்.

"சீனாக்காரர் தெக்கால துறைமுகத்த எடுத்தா இந்தியாக்காரர் திருகோணமலையில எண்ணெய்த் தாங்கிய எடுப்பாரு. அமெரிக்காக்காரர் ஒண்டும் எடுக்கிறல்ல. எடுத்தவனப் பத்திக் குறை செல்லிக்கொண்டு நிப்பாரு. அவருட பெருவிரல்தான் ஆழமாத் தோண்டும்" என்று ஒரு நாள் விளக்கம் சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நமக்கென்ன காக்கா, அவங்க எடுத்தா என்ன விட்டா என்ன?" என்று கேட்டார்.

"நமக்கு ஒரு சாமான் விக்கக் கிடக்கு," என்றார் இவர்.

அவர் சொன்ன சாமான் எங்கள் மையவாடி.

அது கடற்கரையோரம் இருந்தது. சுனாமியில் இறந்தவர்களை அங்கேதான் அடக்கினோம். அடக்கினோம் என்று சொல்வதே பெரிய வார்த்தை. பெரிய குழிகள் வெட்டி, யார் எவர் என்று பார்க்க நேரமில்லாமல் சேர்த்து வைத்தோம். அவருடைய மனைவி வடக்குப் பக்கக் குழியில். உம்மாவின் தங்கையான என் சாச்சியும் அதே குழியில்தான். தலைமாட்டில் நடுகிற தனித்தனி மீஸான் கட்டை கிடையாது, மொத்தமாக ஒரு சுவர் மட்டும். பிறகு தெற்கே எங்கோ கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டினார்கள், கடல் எங்கள் கரையைத் தின்னத் தொடங்கியது. முதலில் தென்னை போனது, பிறகு வலை வைக்கிற வாடிகள் போயின, பிறகு மையவாடியின் கிழக்குச் சுவரில் அலை தொட்டது. கரையோரம் ஒரு கல்லணை போட்டால் காப்பாற்றலாம் என்று படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அரசாங்கத்திடம் கேட்டால் நிதி இல்லை, வெளிநாட்டு உதவி வந்தால் பார்க்கலாம் என்று எழுத்தில் பதில் வந்தது.

அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "அவங்க ஒரு தரம் கடலால மௌத்தாப் போனவங்க. ரெண்டாந்தரமும் கடலுக்குக் குடுக்க ஏலா புள்ள." இதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. ஏலத்தில் ஆரம்ப விலை சொல்கிற குரல்தான்.

அதற்குப் பிறகு மனிதர் ஓயவில்லை. யார் கல்லணை கட்டித் தருவது என்று ஏலம் கூறுவதுபோல, நான் எழுதிக் கொடுத்த கடிதங்களைக் கொழும்பில் அந்த மூன்று நாட்டுத் தூதரகங்களுக்கும் அனுப்பினார். ஒரு நாட்டிடம் மட்டும் கேளுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "பிச்சைக்குப் போகச் செல்லுறீங்களா?" என்று முறைத்தார். என்னுடைய கெட்ட காலமோ ஊரின் கெட்ட காலமோ, அந்த நேரம் கிழக்குக் கடல் மேல் மூவருக்கும் ஒரு கண் இருந்தது. ஒரே வருடத்தில் மூன்று பேரும் வந்தார்கள்.

முதலில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நல்ல தமிழ் பேசுகிற ஒருவரும் அவர்களோடு இருந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், உண்மையாகவே மனம் வருந்தினார்கள், செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்துச் சீனப் பொறியியலாளர்கள். முக்காலி போட்டு அளந்தார்கள், ஒரு சின்னப் படகில் ஏறிக் கடலின் ஆழத்தையும் பார்த்தார்கள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். ஆறு மாதத்தில் கல் வரும் என்றார்கள். காக்காவின் முகத்தில் அன்று பெருநாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இந்தியாக்காரரும் பாத்துத்துப் போனவங்க எண்டு செல்லுங்க புள்ள," என்றார்.

நான் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அந்தப் பொறியியலாளர் சிரித்துத் தலையாட்டினார்.

ஏலத்தில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து விலையைக் கூட்டுவான். இவர் நாற்பது வருடம் அதைத்தான் பார்த்திருந்தார். ஆனால் அந்த மூன்று பேரும் வாங்க வந்தவர்கள் அல்ல. மற்றவன் வாங்கிவிடக் கூடாது என்று பார்க்க வந்தவர்கள். சீனர்கள் கடலாழத்தை ஏன் அளந்தார்கள் என்று கொழும்பில் இந்தியத் தரப்புக் கேட்டது, அளவை நிறுத்தும்படி எங்கள் கந்தோருக்குக் கடிதம் வந்தது. சரி, நாங்களே கட்டித் தருகிறோம், ஆனால் வேறு யாரும் இந்தக் கரைக்கு வரக்கூடாது என்று அந்தத் தரப்புச் சொன்னதாம். அதை எழுதிக் கொடுக்க எங்கள் அரசாங்கம் பயந்தது, மற்றவரிடமும் கை நீட்டியிருந்தார்கள் அல்லவா. இரண்டு பேரும் அசையாமல் நிற்கும்போது அமெரிக்கர்கள் வந்து இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். பகலுக்குச் சோற்றுப் பார்சல், பைல், பேனை. கடைசி நாளில் கரையில் தாழங்கன்று நட்டார்கள். அந்த வாரமே ஆடுகள் தின்று தீர்த்தன. பெயர்ப் பலகை மட்டும் நன்றாக நின்றது.

"என்ன காக்கா, மூண்டு பேரும் வந்தாங்களே," என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ கிண்டலாகக் கேட்டார்கள்.

அவர் பத்திரிகையை மடித்துவிட்டுச் சொன்னார்: "சப்பாத்துப் போட்டவன்ட கால எப்பிடிப் பாக்கிற?"

எனக்கு அன்று அவர் மீதும் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஏலம் கூறிய மனிதருக்குத் தன் பலம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே என்று நினைத்தேன். அவர் கையில் எப்போதும் உப்பு இருந்தது. விலை படியாவிட்டால் மீனை உப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதனால்தான் வியாபாரிகள் அவருக்குப் பயந்தார்கள். மையவாடியை உப்பில் போட முடியாது. அது அந்த மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது, எங்கள் அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. இதை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. ஆனால் நான் வாயை மூடியது அந்த ஒரு தடவை மட்டுமல்ல.

கடைசியாக ஒரு குழு வந்தது. மூன்று நாட்டில் எந்த நாடு என்று நான் சொல்லமாட்டேன். எதுவாக இருந்தாலும் அன்றைக்கு அதே கதைதான் நடந்திருக்கும். மையவாடிச் சுவருக்குப் பக்கத்தில் வைத்து ஊர் சார்பில் பேச அவரை விட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி எனக்குப் பக்கத்தில் நின்றார். காக்கா வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"நீங்க கட்டாட்டிப் பரவாயில்ல. ஆனா மத்தவன் கட்ட வாற நேரம் குறுக்க நிக்காதீங்க. எங்கட கரையில மீன் வேணாமெண்டா ஆள் விலகிப் போயிருவான். எனக்கும் வேணாம், அவனும் வாங்கக்கூடாதெண்டு நிக்கிறவன நாங்க ஏலத்தில சேக்கிறல்ல. இது ஒங்கட சண்டைக்கான இடமில்ல. இதுக்குள்ள எங்கட ஆக்கள் கிடக்காங்க."

என் வாழ்க்கையில் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்த பேச்சு என்றால் அது ஒன்றுதான். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வைதான். அந்த மாதம் இடமாற்றப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள், என் பெயரும் அதில் இருந்தது. நான் ஆங்கிலத்தில், இவர் உங்கள் வருகைக்கு நன்றி சொல்கிறார், ஊரின் தேவையைக் கவனத்தில் எடுக்கும்படி கேட்கிறார் என்றேன். வந்தவர்கள் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்கள்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பேச்சின் நீளம் தெரியாமல் போகுமா? வாகனங்கள் போனதும் என்னிடம் வந்தார்.

"நான் அவ்வளவு செல்லினன். நீங்க ரெண்டு வசனத்தில முடிச்சிட்டீங்க. இங்கிலீசு அவ்வளவு சின்னப் பாஷையா புள்ள?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று சீனப் பொறியியலாளரிடம் சொல்லக் கூடாததை ஒரு சொல் விடாமல் சொன்னேன், இன்று சொல்ல வேண்டியதை விழுங்கினேன். நான் சொல்லியிருந்தால் கல் வந்திருக்குமா? வந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். என்றாலும் எனக்கு என் மேல் வருகிற ஆத்திரம் குறைவதில்லை.

அதற்குள் உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் நாடு கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது, பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றோம், வள்ளங்கள் மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்தன. முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ ஒரு பெரிய நகரத்தில் சந்தித்துப் பேசினார்கள். நெருக்கமாக இருந்தவர்கள் வரிச் சண்டையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிழக்குக் கரையில் யார் கால் வைப்பது என்ற பேச்சே எடுபடாமல் போனது. கல்லணை பைலை ஏன் மூடினீர்கள் என்று கேட்டு எழுதினேன். முன்னுரிமைகள் மாறிவிட்டன என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அரச கடிதத்தைக் கிழித்தது அதுதான் முதல் தடவை.

அவரிடம் சொன்னபோது, "ஏலத்துக்கு வந்தவனெல்லாம் முன்னமே பேசித்து வந்திரிக்கானுகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த மாரியில் கடல் வந்தது. மூன்று நாள் விடாத மழையும் வாடைக் காற்றும். மையவாடியின் வடக்குப் பக்கம் முதல் நாளே போய்விட்டது. மற்றப் பக்கத்தில் மண் சரிந்து எலும்புகள் வெளியே தெரிந்தன. உலமாக்கள் கூடிப் பேசி, மிச்சத்தை எடுத்துப் பெரிய வீதிக்கு மேற்கே புதிய மையவாடியில் அடக்கலாம் என்றார்கள். அந்த மழையில் எந்த வாகனமும் மணலுக்குள் இறங்க மறுத்தது. கண்டி வியாபாரி தன்னுடைய மீன் வாகனத்தைக் கொண்டு வந்தார். ஐசையெல்லாம் வெளியே கொட்டி, மூன்று தடவை கழுவி, கதவைத் திறந்து வைத்துவிட்டு வெறுங்காலோடு மழையில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருந்தார்.

வெள்ளைத் துணியில் சேர்த்துக் கட்டினார்கள். காக்கா தன் கையால் தூக்கி வாகனத்தில் வைத்தார். யாரோ ஒருவர், இது ஆணா பெண்ணா, யாருடைய ஆளாயிருக்கும் என்று பார்க்கப் போனார். "பாக்க வேணாம்" என்று காக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நம்மட ஆக்கள்தான். சேத்து வைங்க." தன் மனைவி கிடந்த பக்கத்தை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை, தண்ணீர்தான் இருந்தது. நான் குடைக்குக் கீழே நின்று அழுதேன். என் சாச்சியும் அந்தப் பக்கம்தானே.

இப்போது அவரும் மேற்கே அந்தப் புதிய மையவாடியில்தான் இருக்கிறார். கடலிலிருந்து நல்ல தூரம். அங்கே அலைச் சத்தம் கேட்காது. அவர் மௌத்தாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

பொத்துவில் பக்கம் கடற்கரை பார்க்க வந்த ஒரு சர்வதேசக் குழு எங்கள் ஊருக்கும் வந்தது. இம்முறை மூன்று நாட்டு ஆட்களும் ஒரே வாகனத்திலிருந்து இறங்கினார்கள். கரையோரத்தில் உல்லாசப் பயணத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கிறார்களாம். ஊரில் மூத்த ஒருவரிடம் கதைக்க வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் அதிகாரி யோசிக்காமல் காக்காவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஏலம் முடித்த கையோடு, சாரன் நுனியில் மீன் செதிலோடு வந்தார்.

மையவாடி இருந்த இடத்துக்கு நேரே கரையில் நின்றோம். அவர் அன்று கடலுக்கு முதுகு காட்டவில்லை. கடலைப் பார்த்து நின்றார். குழுவின் தலைவருக்கு மணலைக் கண்டதும் ஆசை வந்திருக்க வேண்டும், குனிந்து சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காக்கா அந்தக் காலை வெகுநேரம் பார்த்தார்.

"சும்மா நிக்கிது புள்ள" என்றார் மெதுவாக.

இந்த ஊருக்கு என்ன தேவை என்று கேட்கிறார்கள் என்றேன்.

"ஒரு தரம்," என்றார் அவர், ஏலக் குரலில். "ரெண்டு தரம்." பழையபடி நிறுத்தினார். நாற்பது வருடமாக அந்த இடத்தில் அவர் காத்து நின்ற அளவு நேரம் காத்து நின்றார். பிறகு, "மூண்டு தரம். சாமான் போயித்து, ஏலம் முடிஞ்சித்து எண்டு செல்லுங்க. இந்த முறை முழுசாச் செல்லுங்க," என்றார்.

முழுதாகச் சொன்னேன். மூன்று தரத்தையும் சொன்னேன். இங்கே ஒரு மையவாடி இருந்தது, அதைக் காப்பாற்றக் கேட்டோம், வாங்க வந்ததுபோல வந்து மற்றவரை வாங்கவிடாமல் நின்றீர்கள் என்றேன். பல வருடத்துக்கு முன்னால் நான் விழுங்கிய அவருடைய பேச்சையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதிகாரி கண்ணால் என்னை எரித்தார். எரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலைவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், அந்த மையவாடி எங்கே இருந்தது என்று கேட்டார். நான் காக்காவிடம் கேட்டேன். அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார். அலை திரும்புகிற இடத்துக்கும் அப்பால், ஒரு தோணி போய்க்கொண்டிருந்த இடத்தைக் காட்டினார்.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். தலைவர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு அழகான இடம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மற்ற இரண்டு நாட்டுக்காரர்களும் ஆமாம் என்றார்கள்.

"என்ன செல்லுறாரு?" என்று காக்கா என்னைக் கேட்டார்.

"ஒண்டுமில்ல காக்கா," என்றேன். "ஒண்டும் செல்லல்ல."